வீட்டுப் பழுதுகள்: ஏழாவது தோட்டா எங்கே?

சென்ற ஆண்டு மார்கழி இதழில், இப்பகுதியில், தையல் இயந்திரத்தின் கோளாறுகளைப் பற்றி எழுதியிருந்தோம். எந்தக் கருவியானாலும் அஞ்சாமல் திறந்து துடைத்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பழுது அங்கேயே தீர்ந்துவிடும் என்று அக்கட்டுரையில் ஒரு வாக்கியம் இருந்தது. எழுதும்போது நல்ல வாக்கியமாகத்தான் தோன்றிற்று. அதைப் படித்த அன்பர் ஒருவர் தை மாதத்து இரவொன்றில் நம் வீட்டுக் கதவைத் தட்டிய போதுதான், அச்சில் ஏறிய சொல் எங்கெங்கே போய்ச் சேருகிறது என்பது நமக்கு விளங்கிற்று. அவரைத் தொல்லைப்படுத்திய பொருள் தையல் இயந்திரம் அன்று, கைத்துப்பாக்கி.

நடந்ததை அவருடைய சம்மதத்தின்மேல் எழுதுகிறோம். பெயர் வேண்டியதில்லை. துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகள் நம்மவரிடையே மிகச் சில என்பதை அறிவோம். ஆயினும் கரக்பூர், அஸன்ஸோல், டாட்டாநகர் முதலிய இடங்களில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுக் காவல் உத்தியோகத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பெரியவர் காலமான பின் அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில் என்ன இருக்கிறது என்பதை அவ்வீட்டார் எல்லோரும் சரியாக அறிந்திருப்பார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை.

அன்பர் இங்கே ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். 1862-இல் தொடங்கிய இப்பணிமனையில் அரம் பிடித்தவன் உலகத்தில் எந்த இரும்புக்கும் பணியமாட்டான் என்று ஒரு பெருமை உண்டு. அவருக்கும் அது உண்டு. ஸ்டோர்ஸ் காரியாலயத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு அந்தப் பெருமை கிடையாது. அவருடைய தந்தையார் மதராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கூலிப் பணப் பட்டுவாடாவுக்குக் காவலாக வேலை பார்த்தார். முறைப்படி உரிமம் பெற்று .32 அளவுள்ள, அதாவது 7.65 மில்லிமீட்டர் குழல் கொண்ட, பழைய சீமைக் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். அவர் சென்ற ஆண்டு ஐப்பசியில், தீபாவளி கழிந்த எட்டாம் நாள், ஆஸ்பத்திரியில் காலமானார்.

“அண்ணே, அப்பாவின் துப்பாக்கியை எடுத்துத் துடைத்து வைக்கலாம் என்று பார்த்தேன். மேல்பாகம் பாதிக்குமேல் பின்னுக்கு வரவில்லை. விட்டால் முழுதும் மூடவும் இல்லை. விசையை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன், ஒன்றுமே ஆகவில்லை. உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து உப்புத்தாள் போட்டால் சரியாகிவிடும். நீங்கள் கூட இருந்தால் பிரித்த வரிசையைக் குறித்துக்கொள்ளலாம்” என்றார்.

விசையை இழுத்தபோது துப்பாக்கி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கேட்டோம். சுவரைப் பார்த்து என்றார். அவர் வீட்டுச் சுவருக்கு மறுபக்கம் ஒரு வங்காளிக் குடும்பத்தின் சமையலறை. காலனி வீடுகளின் சுவர் எவ்வளவு கனம் என்பது அவற்றில் குடியிருக்கும் நேயர்களுக்குத் தெரியும். அடுத்த வீட்டில் கடுகு வெடித்தால் நமக்குக் கேட்கும்.

“தோட்டாவை எடுத்துவிட்டுத்தானே இழுத்தீர்?” என்றோம்.

“எடுத்துவிட்டேன் அண்ணே. கூட்டை உருவி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் தொட்டேன்.”

நமக்குத் துப்பாக்கி வித்தை தெரியாது. தெரியாது என்பது தெரிந்திருந்ததே அன்றைக்கு நாம் செய்த ஒரே நற்காரியம். அவரை அழைத்துக்கொண்டு இரண்டு வீடு தள்ளியிருக்கும் பெரியவரிடம் போனோம். அவர் ரயில்வே பாதுகாப்புப் படையில் ஆயுத அறையைப் பல ஆண்டுகள் காத்தவர், போஜ்புரிக்காரர், காலனி முழுவதும் அவரை ஹவல்தார்ஜி என்று அழைக்கும். விஷயத்தைக் கேட்டதும் அவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு முதலில் தம் வீட்டு வாசலில் கிடந்த சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டார். தீயணைக்க மணல் நிரப்பி ஸ்டேஷன்களில் மாட்டியிருக்கும் வாளி. அது அவர் வீட்டுக்கு எப்படி வந்தது என்று ஸ்டோர்ஸ் குமாஸ்தா என்ற முறையில் நாம் கேட்டிருக்க வேண்டும்; கேட்கவில்லை.

அன்பரின் வீட்டில் துப்பாக்கி மேஜைமேல் கிடந்தது. பக்கத்தில் அரமும் உப்புத்தாளும் திருப்புளியும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவருடைய இரு பெண் குழந்தைகளும் அந்த அறையிலேயே கம்பளிக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஹவல்தார்ஜி ஒரு வார்த்தையும் பேசாமல் குழந்தைகளையும் பெண்களையும் அடுத்த அறைக்கு அனுப்பச் சொன்னார். பிறகு துப்பாக்கியைத் தொடாமல் தோட்டாக்கூட்டைக் கையில் எடுத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். ஆறு.

“இந்தக் கூட்டில் எத்தனை கொள்ளும்?”

ஏழு என்று அன்பர் சொன்னார். தந்தையார் பலமுறை காட்டியிருக்கிறார்.

“ஏழாவது எங்கே?”

அன்பர் முகத்தை நாம் அப்போது பார்க்கவில்லை. துப்பாக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஹவல்தார்ஜி துப்பாக்கியை எடுத்து, குழலின் வாய் வாளி மணலைப் பார்க்கும்படி பிடித்து, விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் மேலுறையை இறுகப் பற்றிப் பின்னுக்கு இழுத்தார். வரவில்லை. குளிரில் உறைந்த பெட்டி மூடியைப்போல அது அடம் பிடித்தது. அவசரப்படாமல் மறுபடி இழுத்தார். மூன்றாம் முறை கரகரவென்று முழுதும் வந்தது. பித்தளைத் தோட்டா ஒன்று துள்ளிப் பாயின்மேல் விழுந்து உருண்டது. அதற்குப் பிறகும் அவர் விளக்கை அருகில் கொண்டுவரச் சொல்லிக் குழலறையைக் கண்ணால் பார்த்தார். சுண்டுவிரலை உள்ளே விட்டும் பார்த்தார். அதன்பின்தான் மேஜைமேல் வைத்தார்.

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி என்பது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்னதன் பொருள் விளங்காது. கைப்பிடிக்குள் செருகும் கூட்டில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அடியில் ஒரு சுருள்வில் அவற்றை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். மேலுறையைக் கையால் பின்னுக்கு இழுத்து விட்டால், அது முன்னே பாயும்போது கூட்டின் உச்சியிலுள்ள தோட்டாவை உருவிக் குழலின் அடியிலுள்ள அறைக்குள் தள்ளும். விசையை இழுத்தால் ஊசி தோட்டாவின் அடிக்கேப்பைக் குத்தும். குண்டு முன்னே போகும். வெடியின் அழுத்தம் வெறும் பித்தளைக் கூட்டைப் பின்னுக்குத் தள்ள, அதனுடன் மேலுறையும் பின்னே வரும். ஒரு கொக்கி வெறுங்கூட்டைப் பிடித்திழுத்து வெளியே எறியும். மேலுறை மீண்டும் முன்னே பாய்ந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை விசையை இழுக்க வேண்டும் என்பதால் அரைத் தானியங்கி என்று பெயர்.

இதிலிருந்து நேயர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கூட்டை உருவிவிட்டால் கூட்டிலுள்ள தோட்டாக்கள் மட்டுமே வெளியே வருகின்றன. ஏற்கெனவே அறைக்குள் போய்விட்ட தோட்டா அங்கேயேதான் இருக்கும். கூடு இல்லாதபோது விசை வேலை செய்யாதபடி சில வகைகளில் ஒரு தடை வைத்திருப்பார்கள். பல வகைகளில் அது இல்லை. நம் அன்பர் வீட்டுத் துப்பாக்கியிலும் இல்லை. வரிசை மாறினாலும் ஆபத்துதான். முதலில் மேலுறையை இழுத்து அறையிலிருந்த தோட்டாவை வெளியேற்றிவிட்டு, பிறகு கூட்டை உருவினால், மேலுறை திரும்பும்போதே கூட்டிலிருந்து இன்னொன்று அறைக்குள் ஏறியிருக்கும். ஆகவே எப்போதும் கூடு முதலில், மேலுறை பிறகு, கண்ணும் விரலும் கடைசியில்.

அன்று இரவு அன்பரை வாட்டியது வேறொன்று. “அப்பா எனக்கு ஏழு வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று அண்ணே, வீட்டுக்குள் வந்தால் வெறுமையாக்கி வை என்பது. அவரா இப்படி வைப்பார்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய தாயார் கதவோரம் வந்து நின்றார். சிறிது நேரம் கழித்து அந்த அம்மாள் நம்மைப் பார்த்தே சொன்னார்: “தம்பி, ஆவணி மழையில் காலனியில் இரண்டு வீட்டில் திருடு போயிற்றே. அப்போது அவர் இரவில் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். ஒரு நாள் விடியற்காலம் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. நான்தான் அதை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.” அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்துதான் பேத்திகள் பாடம் எழுதுவது வழக்கம்.

தேநீர் வந்தது. ஹவல்தார்ஜி உரிமச் சீட்டைக் கேட்டார். அம்மாள் கொண்டுவந்தார். அதில் இருந்தது காலஞ்சென்றவரின் பெயர். “இது யாருடைய துப்பாக்கி?” என்று அவர் கேட்டபோது, “எங்கள் வீட்டுடையது” என்று அன்பர் வெள்ளையாகச் சொன்னார். இந்த எண்ணம் பலருக்கும் உண்டு. உரிமம் வீட்டுக்கு அன்று, ஆளுக்கு. அந்த ஆள் போனால் உரிமமும் போயிற்று. அதன்பின் வீட்டில் அது இருப்பது உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதாகவே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கண்ணுக்குப் படும். அச்சட்டத்தின் 21-ஆவது பிரிவு, உரிமை அற்றுப்போன ஆயுதத்தை அநாவசியத் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, விதிகளுக்குட்பட்டு உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. வாரிசு தம் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இடம் தருகின்றன. கிடைக்கும்வரை பொருள் ஒப்படைப்பிலேயே இருக்க வேண்டும்.

அரத்தின் விஷயம் இதைவிடக் கனமானது. துப்பாக்கியைச் செய்வது, விற்பது, மாற்றியமைப்பது ஆகியவற்றோடு பழுதுபார்ப்பதையும் அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவு ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. அதற்கென உரிமம் பெற்றவர் தவிர வேறெவரும் செய்யலாகாது. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது இதற்குரிய தண்டனையை ஏழாண்டுக்குக் குறையாத சிறை என்றும், ஆயுள்வரை நீளலாம் என்றும் ஆக்கினார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பது உரிமம் உடையவரின் கடமை, அதற்குத் தடையில்லை. அரத்தை எடுத்தால் எல்லை தாண்டியாயிற்று.

ஜமால்பூர்க்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிச் சபலம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஐந்தாறு மைலில் முங்கேர். 1760-களில் வங்க நவாப் மீர் காசிம் முர்ஷிதாபாத்தை விட்டு அங்கே தலைநகரை மாற்றியபோது, குர்கின் கான் என்ற ஆர்மீனியத் தளபதியின் மேற்பார்வையில் துப்பாக்கி செய்யும் பட்டறைகள் எழுந்தன. 1764-இல் பக்ஸார் போரோடு நவாபின் கதை முடிந்தது. கொல்லர்களின் கைவேலை முடியவில்லை. இன்றும் அவ்வூரில் உரிமத்தோடு ஒரு குழல், இரு குழல் துப்பாக்கிகள் செய்யும் பரம்பரைக் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். கள்ளத் துப்பாக்கிக்கும் அவ்வூர் பெயர் பெற்றுவிட்டது. ஜபல்பூர் ராணுவக் கிடங்கிலிருந்து களவுபோன ஏ.கே. 47 துப்பாக்கிகளை 2018-இல் முங்கேர் ஜில்லாக் கிராமத்துக் கிணற்றிலிருந்துகூட எடுத்தார்கள். ‘எனக்குத் தெரிந்த ஒருவன் இருக்கிறான், நூறு ரூபாயில் முடித்துக் கொடுப்பான்’ என்று சொல்ல இங்கே டீக்கடைக்கு ஓர் ஆள் உண்டு. அன்பரின் சக தொழிலாளி ஒருவரும் அப்படிச் சொல்லியிருந்தாராம். அந்த ஒருவன் பிடிபட்டால் அவனிடம் கிடைக்கும் துப்பாக்கியின் எண் யாருடைய உரிமச் சீட்டில் இருக்கும் என்பதை மட்டும் நேயர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

மறுநாள் காலை அன்பர் அரை நாள் விடுப்பு எடுத்தார், நாமும் எடுத்தோம். துப்பாக்கி ஒரு பையில், கூடு மற்றொரு பையில், ஏழு தோட்டாக்களும் தனியே ஒரு டப்பியில், உரிமச் சீட்டும் இறப்புச் சான்றிதழும் சட்டைப்பையில். போலீஸ் நிலையத்தில் மூன்று மாதத் தாமதம் ஏன் என்று அதட்டினார்கள். உண்மையைச் சொன்னோம். எண்ணையும் தோட்டாக் கணக்கையும் பதிவேட்டில் ஏற்றி ரசீது கொடுத்தார்கள். நமக்கு நேர்ந்தது இது. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. ஆண்டுக்கணக்கில் தாமதித்தவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கண்டு பேசுவது நலம். ரசீது பெறாமல் திரும்ப வேண்டாம்.

வாரிசு உரிமத்துக்குத் தாயாரும் தமக்கையும் ஆட்சேபமில்லை என்று எழுதிக் கொடுக்க, விசாரணைகள் நடந்து, மாவட்ட மாஜிஸ்டிரேட் காரியாலயத்திலிருந்து ஆவணி மாதத்தில் உரிமம் வந்தது. இது ஐந்தாண்டுக்குச் செல்லும். 2019-க்கு முன் மூன்றாண்டாக இருந்தது. துப்பாக்கியைப் பெற்றுக்கொண்டு நேரே முங்கேரில் பழுதுபார்க்கும் உரிமம் உள்ள கடைக்குப் போனார். நாமும் உடன் போனோம். அம்மாளும் வருவேன் என்று வந்தார்.

கடையில் இருந்தவர் எழுபது வயதுக் கைவினைஞர். துப்பாக்கியை வாங்கிக் கூடு, மேலுறை, கண், விரல் என்று ஹவல்தார்ஜி செய்த அதே வரிசையில் செய்தார். மேலுறை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் பின்னே போய் முன்னே வந்தது. மறுபடி செய்தார். மறுபடியும் அப்படியே.

“இதில் பழுது ஒன்றும் இல்லையே” என்றார்.

நாம் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தை மாதத்தில் பாறைபோல நின்றதே என்றோம். பெரியவர் மேலுறையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரு பக்கத்துப் பள்ளங்களிலும் பழுப்பு நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். “சந்தனம்” என்றார். எங்கள் தொழிலில் எல்லாவிதமான அழுக்கையும் பார்த்திருக்கிறேன், இது புதிது என்று சிரித்தார். பிறகு, “என்ன எண்ணெய் போட்டீர்கள்?” என்று கேட்டார்.

அம்மாள் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆயுத பூஜைக்கு ஒவ்வோர் ஆண்டும் சுபேதாரே துப்பாக்கியைத் துடைத்து எண்ணெயிட்டு வைப்பாராம். பணிமனையில் செப்டம்பர் 17-ஆம் தேதி விசுவகர்மா பூஜை பெரிதாக நடந்தாலும் வீட்டில் நவராத்திரியில் நம் வழக்கப்படி ஒரு முறை. அந்த ஆண்டு அவர் ஆஸ்பத்திரியில். பூஜை தவறக்கூடாதென்று அம்மாள் தாமே அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, நன்றாகத் தேங்காய் எண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, அரிவாள்மணைக்கும் மகனின் அளவுகோலுக்கும் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். அப்போதும் ஏழாவது தோட்டா அதற்குள் இருந்தது.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். நம் ஊர்ப்பக்கம் அது ஆண்டின் பெரும்பகுதி நீராகவே இருப்பதால் நாம் இதை நினைப்பதில்லை. இங்கே தை மாதத்து இரவில் குளிர் பத்து டிகிரி அளவுக்கு இறங்குகிறது. புட்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் மெழுகாகிவிடுகிறது. சந்தனப் பொடியும் தூசும் அதனோடு சேர்ந்தால் கேட்க வேண்டுமா? ஆவணி வெக்கையில் அது மீண்டும் எண்ணெயாகிவிட்டது, பழுதும் மறைந்துவிட்டது. தையல் இயந்திரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடவேண்டாம் என்று மார்கழி இதழில் எழுதியவர்கள் நாமே. அம்மாள் அதை நினைவுபடுத்தினார். நமக்கு அன்றிரவு அது தோன்றாமல் போனதை ஒப்புக்கொள்கிறோம். நல்லெண்ணெயும் உதவாது, அது நாளடைவில் பிசினாகும். துப்பாக்கிக்கென்று விற்கும் மெல்லிய தாது எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு இரண்டு சொட்டு, போட்டபின் துடைத்துவிட வேண்டும்.

அன்பர் கேட்டார்: “விசை ஏன் வேலை செய்யவில்லை? மூன்று தடவை இழுத்தேனே.”

பெரியவர் மேலுறைக்கடியில் நகக்கண் அளவே உள்ள ஒரு சிறு துண்டைக் காட்டினார். மேலுறை முழுதும் மூடி நின்றாலொழிய விசைக்கும் ஊசிக்கும் தொடர்பு ஏற்படாதபடி அது இடையில் தடுக்கும். அன்பர் அன்று மேலுறையைப் பாதி இழுத்து விட்டபோது, உறைந்த எண்ணெய் அதை இரண்டு நூல் அளவு திறந்தபடியே நிறுத்திவிட்டது. தோட்டா அறையில், குழல் சுவரைப் பார்த்து, விரல் விசைமேல். “இது கோடைக்காலமாக இருந்திருந்தால் மேலுறை முழுதும் மூடியிருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் துண்டை எண்ணெயில் நனைக்கப் போய்விட்டார். அன்பர் அடிக்க நினைத்த அரம் தேய்த்திருக்கக்கூடிய இடங்களில் அந்தத் துண்டின் விளிம்பும் ஒன்று.

சும்மா உட்கார்ந்திராமல், உண்மையான பழுதுகள் எப்படியிருக்கும் என்று அவரை வினவினோம். அவர் சொன்னதிலிருந்து உரிமம் வைத்திருப்பவர்களுக்கு உதவக்கூடியவற்றை எழுதுகிறோம். சிக்கலுக்கு முதற்காரணம் தோட்டாக்கூடு என்றார் அவர். கீழே விழுந்து அதன் உதடு சற்றே வளைந்தாலும் தோட்டா கோணலாக ஏறி வழியில் முட்டி நிற்கும். பலர் இதை இடுக்கியால் நிமிர்த்துகிறார்கள். நிமிர்ந்த உதடு மறுபடி வளையும். வேறு கூடு வாங்குவதே சரி. அடுத்தது தோட்டாவின் வயது. தோலுறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த தோட்டாவில் பித்தளை பச்சை பூக்கும். தோட்டாவின்மேல் எண்ணெய் தடவினால் அது கேப்புக்குள் கசிந்து மருந்தைக் கெடுக்கும். சுபேதாரின் ஏழு தோட்டாக்களில் மூன்று பச்சை பூத்திருந்தன. அவற்றைச் சுட்டுத் தீர்க்க முயலாமல் கடையிலேயே கணக்கில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெறுங்கூடு வெளியேறாமல் இடுக்கில் நின்றால், கொக்கியின் அடியில் கரி சேர்ந்திருக்கலாம், அறை அழுக்காயிருக்கலாம், அல்லது மருந்து சோர்ந்த தோட்டாவாக இருக்கலாம். துடைத்தும் தீராவிட்டால் கடைக்கு.

இரண்டு விஷயத்தில் மட்டும் பெரியவர் குரலை உயர்த்தினார். விசையை இழுத்து வெடிக்காவிட்டால் உடனே திருப்பிப் பார்க்கக்கூடாது. மருந்து தாமதித்தும் பற்றலாம். குழலை ஆளில்லாத திசையிலேயே பிடித்துக்கொண்டு அரை நிமிஷத்துக்குக் குறையாமல் காத்திருந்து, அதன்பின்தான் கூடு, மேலுறை என்ற வரிசை. வழக்கமான வெடியோசை இல்லாமல் ‘டொப்’ என்று மெலிந்த சத்தம் கேட்டால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். அப்படி வெடித்த குழல் ஒன்றை அவர் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். யாருடையது என்று நாம் கேட்டோம். என் தம்பியுடையது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

துப்பாக்கி இப்போது அன்பரின் வீட்டில் சுவரோடு பதித்த இரும்புப் பெட்டியில், தோட்டா வேறோர் இடத்தில் வேறொரு பூட்டில், இருக்கிறது. இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் இல்லை. பேத்திகள் பாடம் எழுதும் டிரங்குப் பெட்டியில் பாத்திரங்கள் மட்டுமே. இவ்வாண்டு ஆயுத பூஜைக்கு நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். அம்மாள் இரும்புப் பெட்டியைத் திறக்க விடவில்லை. மூடியின்மேல் ஒரு பொட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அரிவாள்மணைக்கு மட்டும் தேங்காய் எண்ணெய்.

வரும் இதழில், குளிர்காலத்தில் இட்டிலி மாவு புளிக்க மறுப்பது ஏன் என்பதைப் பற்றி எழுதுவோம்.